ஈமேக்ஸ் மூலநிரலில் வழு நீக்கம்: இதுவரை செய்து பார்த்தது

ஈமேக்ஸ் என்ற உரை எடிட்டரைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், ஆனால் உள்ளே இறங்கிப் பார்த்ததில்லை. இனிட் கோப்பில், அதாவது ஈமேக்ஸ் திறக்கும்போது ஏறும் நம் அமைப்புக் கோப்பில், லிஸ்ப் மொழியில் நாலு வரி எழுதுவதோடு சரி. கொஞ்ச காலமாக, நேரம் கிடைக்கும்போதெல்லாம் மூலநிரலை எடுத்து வைத்துக்கொண்டு பழைய வழு அறிக்கைகளைப் பார்த்து, முடிந்ததைச் சரிசெய்து வருகிறேன். எது வேலைக்கு ஆனது, எது இழுத்தடித்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜிஎன்யு ஈமேக்ஸ் 1985-இலிருந்து வெளிவருகிறது. அடியில் சி மொழியில் ஒரு கரு, அதன் மேல் ஈமேக்ஸ் லிஸ்பில் மற்ற எல்லாமே. நாம் தினம் தொடும் கட்டளைகளில் பெரும்பாலானவை லிஸ்ப்தான், அதனால் வழு நீக்க வருகிறவருக்குக் கதவு ஏற்கெனவே பாதி திறந்துதான் இருக்கிறது. ஒரு கட்டளையின் விளக்கத்தைத் திறந்தால் அதிலிருந்தே மூலநிரலுக்குத் தாவலாம். அங்கேயே ஒரு வரியை மாற்றி, கன்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரிலேயே அந்த ஃபங்ஷன் புதிதாகிவிடும். அதே விசைகளுக்கு முன்னால் கன்ட்ரோல்-யூ சேர்த்தால் எடீபக் என்ற வழுநீக்கி வந்து ஒவ்வொரு கோவையாக நிறுத்திக் காட்டும். கம்பைல், ரீஸ்டார்ட் எதுவும் தேவையில்லை. இந்த வசதிக்குப் பழகியபின் வேறு மென்பொருளில் வழு தேடுவது எரிச்சலாக இருக்கிறது.

சி பக்கம் போவதாக இருந்தால் பில்டை முதலிலேயே அதற்குத் தகுந்தபடி செய்துவிட வேண்டும். கன்ஃபிகரில் உள்சோதனைகளைக் கூட்டும் எனேபிள்-செக்கிங்கைப் போட்டு, கம்பைலருக்கு -ஓ0 -ஜி3 (வேகமாக்கும் மாற்றங்கள் வேண்டாம், வழுநீக்கத் தகவல் முழுதாக வேண்டும்) கொடுத்தேன். மந்தமாகத்தான் ஓடும், தினசரி எழுத்து வேலைக்கு ஆகாது, அதற்குத் தனியாக வழக்கமான பில்ட் ஒன்று இருக்கட்டும். ஆனால் இது இல்லாமல் சி நிரலுக்கான வழுநீக்கி ஜிடிபியில் நின்று ஒரு மாறியைக் கேட்டால் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எஸ்ஆர்சி அடைவிலேயே ஒரு ஜிடிபி இனிட் கோப்பு இருக்கிறது. அதை ஏற்றினால் எக்ஸ்பேக்ட்ரேஸ் என்ற கட்டளை லிஸ்ப் அளவில் யார் யாரை அழைத்தார்கள் என்று காட்டும், பிபி என்பது ஒரு லிஸ்ப் பொருளைப் படிக்கிற மாதிரி அச்சிடும். இப்போதைய ஜிடிபி அந்தக் கோப்பைத் தானாக ஏற்றாது, அதன் பாதையை ஆட்டோ-லோட் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஈடிசி அடைவில் டீபக் என்று ஒரு கோப்பு கிடக்கிறது. இவ்வளவு உருப்படியான ஆவணத்தை மூலநிரலோடு சேர்த்துத் தரும் திட்டங்கள் குறைவு, முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்புறம் அறிக்கைகள். டெப்பக்ஸ் என்ற அமைப்பில், ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண், ஒரு மின்னஞ்சல் முகவரி என்று எல்லாம் அஞ்சல் வழியாகவே நடக்கிறது. பழைய அறிக்கைகளில் பலவற்றுக்கு நிரல் எழுதவே தேவைப்படவில்லை. ஈமேக்ஸை -க்யூ விருப்பத்தோடு, அதாவது நம் இனிட் கோப்பு எதுவும் ஏறாமல் திறந்து, அறிக்கையில் சொன்னதை அப்படியே செய்து பார்ப்பது. வந்தால் வருகிறது என்றும் வராவிட்டால் எந்தப் பதிப்பில் வரவில்லை என்றும் எழுதுவது. சலிப்பான வேலைதான். ஆனால் மூலநிரலில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது இதில்தான்.

முதலில் உருப்படியாக மாட்டியது "-க்யூவில் வரவில்லை" என்று கிடப்பில் போன ரகம் ஒன்று. ஒரு கட்டளை சிலருக்கு மட்டும், சில நேரம் மட்டும், "ஆர்க்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று விழும். டீபக்-ஆன்-எரர் போட்டு நிறுத்தினால், பிழை விழும் வரியில் சந்தேகப்பட எதுவுமே இல்லை: ஒரு ரெகெக்ஸ் (உரை வடிவத் தேடல்) பொருத்தம் எங்கே தொடங்கியது என்று மேட்ச்-பிகினிங்கைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஈமேக்ஸில் பொருத்தத்தின் விவரம் எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில்தான் வைக்கப்படுகிறது. வேறு யாராவது இடையில் ஒரு ரெகெக்ஸை ஓட்டினால் நம் எண்கள் போய்விடும், அவர்களுடையது வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டளையில் பொருத்தத்துக்கும் கேள்விக்கும் நடுவில் ஒரு வரி, அது ஒரு ஹூக்கை, அதாவது பயனர் தன் ஃபங்ஷன்களை மாட்டிவைக்கும் பட்டியலை, ஓட்டுகிறது. ஹூக் காலியாக இருந்தால் ஒன்றும் ஆகாது, -க்யூவில் அது காலிதான். யாராவது அதில் தன் ஃபங்ஷனை மாட்டி, அந்த ஃபங்ஷன் உள்ளே எதையாவது தேடினால் கதை முடிந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. ஹூக் ஓடும் இடத்தை, பொருத்த விவரத்தைக் காப்பாற்றித் திரும்ப வைக்கும் சேவ்-மேட்ச்-டேட்டாவுக்குள் போடலாம், அல்லது பொருத்தம் முடிந்த கையோடு தேவையான எண்களை லெட்டில் (உள்ளூர் மாறிகளில்) எடுத்து வைத்துக்கொண்டு அதன்பின் மேட்ச்-பிகினிங்கைத் தொடாமலே இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, படிக்கிறவருக்கும் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஹூக்கில் மாட்டிய ஃபங்ஷன்தான் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்று வாதாடுவதில் பயனில்லை. இங்கே வழக்கம் நேர் எதிர்: அழைக்கப்படும் எந்த ஃபங்ஷனும் பொருத்த விவரத்தைக் கலைக்கலாம், அது தேவையென்றால் அழைப்பவர்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கப்புறம் எந்தக் கோப்பைத் திறந்தாலும் என் கண் ஒரே இடத்துக்குத்தான் போகிறது: இந்த வரியில் பயனரின் நிரல் ஓட வாய்ப்பு இருக்கிறதா? விரிவாக்கக்கூடிய எடிட்டர் என்றால் கிட்டத்தட்ட எந்த அழைப்புக்குள்ளும் முன்பின் தெரியாத ஒருவருடைய லிஸ்ப் ஓடலாம். ஹூக் வழியாக, ஒரு ஃபங்ஷனைச் சுற்றி மாட்டும் அட்வைஸ் வழியாக, டைமர் வழியாக, வெளி நிரலின் வெளியீட்டைக் கையாளும் பிராசஸ் ஃபில்டர் வழியாக. அது கர்சரை நகர்த்தலாம், நடப்பு பஃபரை (திறந்து வைத்திருக்கும் உரையை) மாற்றலாம், அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டும் நேரோயிங் போடலாம், சமயத்தில் நாம் வேலை செய்துகொண்டிருந்த பஃபரையே கொன்றுவிடலாம். நான் பார்த்த வழுக்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மீதியில் கணிசமானவை பாயிண்ட்-மின் (அணுகக்கூடிய பகுதியின் தொடக்க இடம்) எப்போதும் 1 தான் என்று நினைத்து எழுதியவை.

சி நிரலில் இதே விஷயம் இன்னும் கொடூரமாக வெளிப்படும். அதைப் பழக ஒரு வழி கண்டுபிடித்தேன், எனக்கு நன்றாக உதவியது: ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட ஒரு சி வழுவின் கமிட்டை (பதிவான மாற்றத்தை) கிட் வரலாற்றில் தேடி, என் கிளையில் மட்டும் அதை ரிவர்ட் செய்து, வழுவைத் திரும்ப உயிர்ப்பித்து, திருத்தத்தைப் பார்க்காமல் நானாகத் தேடுவது. விடைத்தாள் பின்பக்கம் இருக்கும் கணக்குப் புத்தகம் மாதிரி.

அப்படி எடுத்த ஒன்றில், ஒரு ஃபங்ஷன் பஃபரில் உள்ள உரையின் நினைவக முகவரியை ஒரு சுட்டியில் வாங்கிக்கொண்டு எழுத்துகளாக நடந்து போகிறது, நடுவில் ஒரு லிஸ்ப் ஃபங்ஷனை அழைக்கிறது, திரும்பி வந்து அதே சுட்டியில் தொடர்கிறது. சிறிய கோப்பில் ஒன்றுமே தெரியாது. காரணம் ஈமேக்ஸ் உரையை வைத்திருக்கும் விதம். மொத்த உரையும் ஒரே நினைவகத் துண்டில், நடுவில் எங்கோ ஒரு காலி இடைவெளியோடு இருக்கும். நாம் தட்டத் தட்ட அந்த இடைவெளி நிரம்பும். வேறு இடத்தில் தட்டினால் இடைவெளி அங்கே நகர்த்தப்படும், அதாவது இடையில் உள்ள உரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். இடைவெளி தீர்ந்துபோனால் பெரிய துண்டு வாங்கப்படும், மொத்த உரையும் வேறு முகவரிக்குக் குடிபோகலாம். ஆக, அழைக்கப்பட்ட லிஸ்ப் பஃபரில் எதையாவது செருகினால் நம் சுட்டி பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அங்கே பழைய எழுத்துகளே இன்னும் இருக்கும், அதனால் விழாது. அதுதான் சிக்கலே. தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு பில்ட் செய்து ஓட்டியபோது அந்த வரியிலேயே நின்றது.

லிஸ்ப் சரங்களிலும் இதே சங்கதி. குப்பை சேகரிப்பு (பயனற்றுப்போன நினைவகத்தை மீட்பது) நடக்கும்போது சிறிய சரங்களின் பைட்டுகள் நெருக்கி அடுக்கப்படும். சரம் என்ற பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் எழுத்துகள் மட்டும் நகர்ந்திருக்கும். ஆக உள்ளே லிஸ்ப் ஓடக்கூடிய அழைப்பைத் தாண்டி சர எழுத்துகளின் சுட்டியைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

திருத்தம் என்னவோ சின்னதுதான். முகவரியை விட்டுவிட்டு இடத்தின் எண்ணை வைத்துக்கொள், அழைப்பு முடிந்ததும் முகவரியைப் புதிதாகக் கணக்கிடு, அதற்கு முன் அந்த எண் இன்னும் பஃபரின் எல்லைக்குள்தான் இருக்கிறதா என்று பார், ஏனென்றால் உரை சுருங்கியும் இருக்கலாம். அந்த எல்லைச் சோதனை எனக்குத் தோன்றவில்லை, அசல் கமிட்டைத் திறந்து ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. ரிவர்ட் பயிற்சியின் லாபம் அங்கேதான்.

இன்னொன்று. பஃபரில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: எத்தனையாவது எழுத்து, எத்தனையாவது பைட். ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்பில் இரண்டும் ஒன்றே, அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிட்ட நிரலும் வருடக்கணக்கில் ஜோராக ஓடும். தமிழில் "க" 3 பைட்; "கு" என்பது திரையில் ஒன்று, உள்ளே 2 எழுத்துகள், 6 பைட்டுகள். என் சோதனைக் கோப்புகளில் இப்போதெல்லாம் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் கலந்தே வைக்கிறேன். செக்கிங் பில்டில் எண்கள் ஒத்துவராதபோது அசர்ட் (நிரலுக்குள் வைத்த சோதனை) விழுந்து அங்கேயே நின்றுவிடும், தேடவே வேண்டாம்.

எந்த மாற்றத்தில் வழு நுழைந்தது என்று தெரியாதபோது, கமிட்டுகளைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட். இதில் ஒரு பொடி விஷயம் தெரியாமல் போனால் நேரம் வீணாகும். பைசெக்ட் ரன், நாம் கொடுக்கும் சோதனை ஸ்கிரிப்டின் வெளியேற்ற எண் 1 முதல் 127 வரை இருந்தால் வழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும், 125 மட்டும் "இதைத் தாண்டிப் போ". 127-க்கு மேல் என்றால் மொத்தத்தையும் நிறுத்திவிடும். ஈமேக்ஸை, திரை இல்லாமல் ஓடும் பேட்ச் (batch) முறையில் ஓட்டி லிஸ்ப் பிழை விழுந்தால் அது வெளியேறுவது 255-இல். அதனால் சோதனையை ஈமேக்ஸின் சோதனைக் கருவியான ஈஆர்டியில் எழுதி, அதன் பேட்ச்-அண்ட்-எக்ஸிட் ஃபங்ஷன் வழியாக ஓட்டுவது நல்லது, தோல்வி என்றால் அது 1 தரும். பில்டே உடைந்த கமிட்டுகளுக்கு ஸ்கிரிப்டில் 125. ஒவ்வொரு படியிலும் பழைய பைட்-கம்பைல் கோப்புகள் மிச்சம் இருந்து குழப்பும், பூட்ஸ்ட்ராப் (எல்லாவற்றையும் முதலிலிருந்து பில்ட்) செய்துதான் ஆக வேண்டும், நேரம் பிடிக்கும். கணினியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதுதான் வழி.

திரைக்காட்சி பகுதியில் நான் இன்னும் கரையில்தான் நிற்கிறேன். எக்ஸ்டிஸ்ப் என்ற அந்த ஒரு சி கோப்பு மட்டும் 30,000 வரிகளுக்கு மேல். தலைப்பில் உள்ள நீண்ட குறிப்புரை அருமையாக இருக்கிறது, அதைப் படிக்காமல் உள்ளே போகவே கூடாது. அங்கே வழு தேடும்போது இரண்டு தொல்லை. பிரேக்பாயிண்ட் வைத்து நின்று, ஜிடிபி சாளரத்துக்குப் போய்த் திரும்பினால் அந்தப் போக்குவரத்தே ஈமேக்ஸைத் திரும்ப வரைய வைக்கும், உடனே அதே பிரேக்பாயிண்டில் நிற்கும். நான் ஒரு டெர்மினலில் -என்டபிள்யூ (தனிச் சாளரம் வேண்டாம்) போட்டு ஈமேக்ஸ், இன்னொன்றிலிருந்து ஜிடிபியை அதோடு இணைப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது தொல்லை, வரையும் நேரத்தில் ஓடும் லிஸ்பில் பிழை விழுந்தால் டீபக்-ஆன்-எரர் வேலை செய்யாது, மெசேஜஸ் பஃபரில் ஒரு வரி மட்டும் சேரும். வண்ணமிடுதல் என்றால் ஜிட்-லாக்-டீபக்-மோட் உதவுகிறது. மோட் லைனில் (சாளரத்தின் அடியில் உள்ள நிலைவரியில்) வரும் பிழைக்கு, 29-ஆம் பதிப்பில் வந்த பேக்ட்ரேஸ்-ஆன்-ரீடிஸ்ப்ளே-எரர் என்ற மாறியைப் போட்டால் யார் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

பேட்ச் (patch), அதாவது நம் திருத்தத்தை அனுப்புவது பற்றி. சுமார் 15 வரிக்குள் என்றால் அப்படியே ஏற்பார்கள், அதற்கு மேல் போனால் பதிப்புரிமையை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு எழுதித் தரும் படிவம் உண்டு, அதை முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. கமிட் செய்தியில் கோப்பு, ஃபங்ஷன் பெயர், என்ன மாறியது, கடைசியில் வழு எண் என்று ஒரு கட்டான வடிவம் இருக்கிறது. கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு வரியை யார் ஏன் தொட்டார்கள் என்று நாமே தேடும்போது அதன் அருமை தெரியும்.

மேட்ச் டேட்டா திருத்தம் சோதனையோடு உள்ளே போய்விட்டது. இன்னொன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கட்டளை பஃபரின் கடைசி வரியில் கர்சரைத் தவறான இடத்தில் விடுகிறது, அதைச் சரிசெய்தேன், தெளிவான வழு என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் மூலநிரலுக்கு உள்ளேயே வேறொரு பேக்கேஜ் அந்தத் தவறான இடத்தை எதிர்பார்த்து ஓர் எழுத்து பின்னால் போகிறது. உள்ளேயே ஒன்று என்றால் வெளியே பயனர்களின் இனிட் கோப்புகளில் எத்தனையோ. மதிப்பாய்வில் வந்த யோசனை: பழைய நடத்தை அப்படியே இருக்கட்டும், சரியான நடத்தையை ஒரு விருப்ப ஆர்க்யுமெண்டாகக் கொடு, பயனருக்கு மாற்றங்களைச் சொல்லும் நியூஸ் கோப்பில் ஒரு பத்தி எழுது, வெளியீட்டுக் கிளையைத் தொடாதே, மாஸ்டர் கிளையில் மட்டும் போடு. எனக்கு ஆர்க்யுமெண்டைக் கூட்டிக்கொண்டே போவதில் முழு சம்மதம் இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டளையை அழைக்கும் இடங்களை எல்லாம் லிஸ்ப் அடைவில் தேடிப் பட்டியல் எடுத்தபின், வேறு வழி இருப்பதாகவும் தெரியவில்லை. பேட்சை அந்த வடிவத்தில் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன், ஈஆர்டி சோதனையில் பழைய நடத்தைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. நியூஸ் பத்தி இன்னும் பாக்கி.