வாம்பம் பட்டையை எக்செல்லில் வரைய வைக்கும்போது

வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்களைப் பற்றிய பாடம் காகித இறகு ஒட்டுவதோடு முடிந்துவிடக் கூடாது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஹோடெனொஷோனி, நீள்வீட்டு மக்கள். அங்கிருந்தே தொடங்குங்கள்.

வாம்பம் என்பது சிப்பி ஓட்டில் செய்த மணி. அதைக் கோத்த பட்டைகளில் ஒன்று ஹயவாதா பட்டை, அவர்களின் ஐந்து இனங்களின் கூட்டணியைக் காட்டுவது. அதில் 38 வரிசை, 173 நெடுவரிசை. எக்செல்லில் வரைய ஏற்றது. ஆனால் கட்டங்களைச் சதுரமாக வைத்தால் கெட்டது. வாம்பம் மணி குழல் வடிவம், பட்டையில் நின்றவாக்கில் கோக்கப்படுகிறது. சதுரக் கட்டத்தில் நடுமரம் பக்கவாட்டில் இழுபட்டுச் சப்பையாகும். அகலம் 10 பிக்சல், உயரம் 20 பிக்சல் வையுங்கள். முதலில் மொத்தமும் ஊதா, பிறகு உருவங்களுக்கு மட்டும் வெள்ளை.

நடுவில் ஒனொண்டாகா இனத்தைக் குறிக்கும் மரம். இடப்பக்கம் செனெகா, கயூகா. வலப்பக்கம் ஒனைடா, மோஹாக். மேற்கிலிருந்து கிழக்காக அவர்கள் வாழ்ந்த வரிசை அது. படம் திரும்பிவிட்டால் வரைபடமே தப்பு. டஸ்கரோரா 1722 வாக்கில் ஆறாவதாகச் சேர்ந்தவர்கள், பட்டையில் இல்லை. பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்!

பட்டையை எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. அதன் பொருளை நினைவில் காப்பவர் வாய்விட்டுச் சொல்வார். ஆகவே ஒவ்வொரு சின்னத்துக்கும் பிள்ளை மூன்று வாக்கியம் எழுதி, 30 நொடி குரல் பதிந்து, அந்தக் கட்டத்தில் இணைப்பாக வைக்கட்டும். வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் இதில் வந்துவிடும்.

மோஹாக் சொற்களைத் தட்டச்சும்போது தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள். சொல் நடுவே வரும் முக்காற்புள்ளி அங்கே உயிரொலியின் நீட்டம், பிழையல்ல.

நோய் தீர்க்கும் சடங்கில் இரோகுவா மக்கள் அணியும் முகமூடிகளின் படத்தைத் திரையில் காட்டவே வேண்டாம். அவை புனிதமானவை, காட்சிக்கு வைப்பதை அவர்களே தடுக்கிறார்கள்.