சோளிங்கர்: படி ஏறியும் ஏறாமலும்

சோளிங்கர் போனால் ஒரே கோயிலுக்குள் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிட முடியாது. மூலவர் யோக நரசிம்மர் பெரிய மலை உச்சியில் இருக்கிறார். அவர் திருவடியைப் பார்த்தபடி யோக ஆஞ்சநேயர் சின்ன மலையில். உற்சவரோ ஊருக்குள், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் தனிக் கோயிலில். அப்புறம் தக்கான் குளம் ஒன்று. இத்தனையும் சேர்ந்ததுதான் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கடிகை. மலை மட்டும் ஏறிவிட்டு வந்தவர்கள் பாதி சோளிங்கரைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

ரயிலில் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு குழப்பம் வரும். சோளிங்கர் என்று பலகை பார்த்து இறங்கினால் அங்கே ஊரும் இருக்காது, மலையும் இருக்காது. அது பாணாவரம். ஊருக்கு அங்கிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராவது போக வேண்டும். நாங்கள் திருத்தணி வழியாகப் பஸ்ஸில் போனோம். தணிகைமலை முருகனையும் சோளிங்கர் நரசிம்மரையும் ஒரே பயணத்தில் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தை மாதம். மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம் என்பதால் வழியெங்கும் ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. ஏரிக்கரை, வயல், திடீரென்று ஒரு மொட்டைப் பாறைக் குன்று, மறுபடி ஏரி. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் கண் நிறையும்.

இந்த ஏரிகளுக்கு வயது அதிகம். முதலாம் பராந்தக சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி இங்கே 'சோழவாரிதி' என்ற ஏரிக்கு ஒரு கிராமத்தையே கொடையாகக் கொடுத்த செய்தி பாறைக் கல்வெட்டாக இருக்கிறது. கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தவர்கள் ஏராளம். ஏரிக்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய பக்தியாகத் தெரிந்தது. சண்டையையும் பார்த்த ஊர் இது. 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் சோளிங்கர் அருகேதான் மோதின. இப்போது பஸ் ஸ்டாண்டைச் சுற்றி விதைக்கடை, உரக்கடை, அடகுக்கடை, பூக்கடை. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எல்லாம் வாங்க விற்க இதுதான் ஊர்.

எங்களோடு வந்தவர்கள் அம்மாவும் பெரியம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வலி, பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கும். பெரிய மலைக்கு 1,305 படிகள். அப்பா இருந்த காலத்தில் நாங்கள் வந்தபோதெல்லாம் அம்மா அடிவாரத்தோடு சரி. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேருந்தே சேவிச்சுக்கறேன்" என்று முதல் படியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிடுவார். 2024 மார்ச்சில் ரோப் கார் ஓட ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அதுல ஏறினா புண்ணியம் குறையுமா?" என்பதுதான்.

"குறையும்னு சொல்றவன் உன் முழங்காலை வாங்கிக்கட்டும்" என்றார் பெரியம்மா.

கொண்டபாளையம் அடிவாரத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். ரோப் காருக்கு வரிசை நின்றது. காற்று பலமாக அடித்தாலோ பராமரிப்பு வேலை என்றாலோ வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்பதால், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பெட்டி தரையை விட்டுக் கிளம்பியதும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு "நரசிம்மா, நரசிம்மா" என்றார். பெரியம்மாவோ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கீழே படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். சில நிமிடங்கள்தான். மலைப்பாறை நம் பக்கம் நெருங்கி வந்து, சட்டென்று நின்றுவிடுகிறது.

இறங்கிய பிறகு கோயில் வரை நடக்க வேண்டும். அங்கேதான் குரங்குகள். சோளிங்கர் குரங்குகளைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள், எல்லோரும் பறிகொடுப்பார்கள். எங்கள் முன்னால் போன குடும்பத்தின் பாலிதீன் பையை ஒரு கடுவன் பிடுங்கியது. உள்ளே பழம் இல்லை, துளசி மாலைதான். அது ஒவ்வொரு துளசியாகக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, மாலையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனது. அந்த அம்மாள் மாலையை எடுப்பதா விடுவதா என்று தவித்தார். "அனுமார் பார்த்துட்டுக் கொடுத்ததுதானே, எடுத்துக்கோம்மா" என்று யாரோ சொல்ல, எடுத்துக்கொண்டார். அதைச் சன்னதியில் வாங்கிக்கொண்டார்களா என்று நான் கவனிக்கவில்லை.

சன்னதியில் அன்று கூட்டம் அதிகமில்லை. வருஷத்தில் பதினோரு மாதம் யோகத்தில் கண்மூடி இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது ஐதிகம். அதனால் அந்த மாதம் மலை தாங்காத கூட்டம் வரும். தையில் போனால் கண்மூடிய பெருமாள்தான். ஆனால் நெரிசல் இல்லாமல் நிற்கலாம். கிழக்கு பார்த்து, சம்மணமிட்டு யோக நிலையில் அமர்ந்த பெரிய திருமேனி. இரணியனைக் கிழித்த உக்கிரம் எதுவும் இல்லை. திருமங்கையாழ்வார் இவரை 'அக்காரக்கனி' என்று பாடியிருக்கிறார். சர்க்கரையே பழுத்த கனி! சிங்கமுகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல ஆழ்வாரால்தான் முடியும். அர்ச்சகர் தீபத்தை உயர்த்திப் பிடித்தபோது அம்மா கைகூப்ப மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். "எவ்வளவு பெரியவர்!" என்று மட்டும் சொன்னார். வீட்டில் இருக்கும் காலண்டர் படத்தை வைத்து, சின்ன மூர்த்தியாக இருப்பார் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறார்.

தனிச் சன்னதியில் அமிர்தவல்லித் தாயார். இந்த மலையில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், இருந்தாலே மோட்சம் என்பார்கள். விசுவாமித்திரர் அப்படி இருந்துதான் பிரம்மரிஷி ஆனார் என்பது தலபுராணம். பெரியம்மா போனில் மணி பார்த்துவிட்டு மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் கழித்து எழுப்பினேன். மோட்சத்துக்கு மேலேயே கிடைத்திருக்கும்.

கீழே வந்ததும் தக்கான் குளத்துக்குப் போனோம். ஆழ்வார் இத்தலத்துப் பெருமாளைத் 'தக்கான்' என்று பாடியதால் குளத்துக்கு அந்தப் பெயர். அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்தக் குளத்தங்கரையிலேயே இருக்கிறது. சோளிங்கரில் வாழ்ந்த தொட்டாச்சாரியார் என்ற வைணவப் பெரியவர் ஆண்டுதோறும் காஞ்சிபுரம் போய், வைகாசியில் நடக்கும் வரதராஜர் கருட சேவையைச் சேவிப்பவர். ஒரு வருஷம் உடம்புக்கு முடியவில்லை. கருட சேவை நாளன்று இந்தக் குளக்கரையில் நின்று வரதரை நினைத்து உருகி ஐந்து சுலோகம் சொன்னார். 'தேவராஜ பஞ்சகம்' என்று இன்றும் சேவிக்கப்படுவது அதுதான். காஞ்சி வரதர் கருடன்மேல் அப்படியே இங்கே வந்து காட்சி கொடுத்தார் என்கிறது வரலாறு. அதை மறக்காமல், இன்றும் காஞ்சியில் கருட சேவை அன்று, வரதர் கோபுர வாசலில் எழுந்தருளும்போது ஒரு கணம் குடைகளால் அவரை மறைப்பார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கர் போய்த் திரும்புகிறாராம். தொட்டாச்சாரியார் சேவை என்றே அதற்குப் பெயர்.

நடக்க முடியாத பக்தனைத் தேடிப் பெருமாள் வந்த ஊரில், ரோப் காரில் போனால் புண்ணியம் குறையுமா என்று கேட்பதற்கே இடமில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனதில் வேறு கணக்கு ஓடியிருக்கிறது.

சின்ன மலைக்கு 406 படிகள். ரோப் கார் அங்கே இல்லை. "நான் இதை ஏறறேன்" என்றார். பத்துப் படி, ஓர் உட்காரல். பதினைந்து படி, ஒரு வாய்த் தண்ணீர். இறங்கி வந்தவர்கள் எல்லாம் "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்று சொன்னார்கள், பாதி தாண்டாதபோதே. பெரியம்மா கீழேயே உட்கார்ந்து செருப்புக் காவலை ஏற்றுக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மேலே இருக்கும் ஆஞ்சநேயர் வேறெங்கும் காணாத கோலம். நான்கு கைகள். இரண்டில் சங்கும் சக்கரமும், ஒன்றில் ஜபமாலை, இன்னொரு கை விரல்மடித்து ஜபத்தை எண்ணுகிறது. இங்கே தவமிருந்த ரிஷிகளுக்குக் காலகேயர் என்ற அரக்கர்கள் தொல்லை கொடுத்தபோது, அவர்களை அழிக்கப் பெருமாள் தன் சங்கு சக்கரத்தையே அனுமனிடம் கொடுத்தாராம். மனநோய், பில்லி சூனியம் என்று அவதிப்படுகிறவர்களை அழைத்து வந்து, தீர்த்தத்தில் குளிப்பாட்டி, விரதம் இருக்க வைப்பதை இங்கே நிறையப் பார்க்கலாம். மண்டபத்தில் ஒரு தாய் இருபது வயதுப் பையனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவனுக்கும் மருந்து மாத்திரை ஒருபக்கம் நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா எதுவும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அந்தப் பையனிடம் போய், கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். அவன் வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் ஊர்க்கோயில். மலைமேல் மூலவருக்குத் துணையாக, உற்சவங்கள் கண்டருளும் பெருமாள் இருப்பது இங்கேதான். காய்கறிப் பையோடு வந்து ஒரு நிமிடம் நின்று சேவித்துவிட்டுப் போகிற உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். எங்களிடமும் அவசரம் இல்லை. துளசியும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் உட்கார்ந்தோம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவ ஆரம்பித்தார்.

"வைகாசியில கருட சேவை எந்தத் தேதின்னு பார்த்து வை" என்றார் என்னிடம். "காஞ்சீவரத்துல அந்தக் குடை மறைக்கறதைப் பார்க்கணும்."

விடியற்காலை, பெருங்கூட்டம், நிற்கவே இடம் இருக்காது என்றேன்.

"அதுக்கென்ன, முதல் நாள் ராத்திரியே போயிடலாம்" என்றார் பெரியம்மா.