காலி இடம்

2014-ல் கொடைக்கானல் மேல்மலையில் மரம் நடும் வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்தேன். கையில் இருந்த வரைபடத்தில் எங்கள் சரிவுக்கு 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்தபோதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. புல், நடுநடுவே முழங்கால் உயரப் புதர். ஒன்றரை அடிச் சதுரக் குழி, பத்தடிக்கு ஒன்று. புதர் குறுக்கே வந்தால் பிடுங்கிப் போடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை, குழி வெட்டிய பெரியவர் ஒரு செடியை வேரோடு கொண்டுவந்து நீட்டினார்.

"சார், இது குறிஞ்சி சார்."

நம்பவில்லை. குறிஞ்சி என்றால் எனக்கு காலண்டரில் பார்த்த நீல மலை. இதுவோ தடித்த இலை, ஓரமெல்லாம் பல், நரம்புகள் வரிவரியாக அழுந்தியிருந்தன. பூவின் சுவடே இல்லை. அவர் விரல் மடக்கினார். "ரெண்டாயிரத்தி ஆறுல பூத்துச்சு. அதோட பிள்ளைங்கதான் இதெல்லாம். இன்னும் நாலு வருசம் கிடக்கு."

அப்புறம்தான் விவரம் தேடிப் படித்தேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். காய் வெடித்து விதை தெறித்ததும் தாய்ச்செடி பட்டுப்போகும். சரிவில் நிற்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே வயது. நடுவில் ஒன்றைப் பிடுங்கினால், அடுத்த பூப்பு வரைக்கும் புது விதை விழாது. மலைப் பழங்குடிகளான முதுவர்கள் குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்று தங்கள் வயதையே கணக்கிடுவார்களாம். நானோ ஏழு வயதுச் செடியைக் களை என்று எறிந்திருந்தேன். தவிர, அந்தப் புல்வெளிக்கு மரமே தேவையில்லை. பழனி மலைப் புல்வெளியில் பெரும்பகுதியை ஏற்கெனவே வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்கள் விழுங்கிவிட்டன.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். "குழிக் கணக்கை முடிங்க" என்றார்கள். முடித்தேன். இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

2018-ல் அந்த வேலையில் இல்லை. சீசன் கூட்டத்தோடு நானும் போனேன். சரிவு முழுக்க ஊதா கலந்த நீலம். அதன் நடுவே பத்தடிக்கு ஒன்றாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, பச்சை ஓட்டைகள். நாங்கள் நட்ட கன்றுகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தன.

ஒரு குடும்பம் அப்படியொரு ஓட்டைக்குள் நின்று என்னிடம் போனை நீட்டியது. "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. நின்னு எடுக்கறதுக்குன்னே இடம் விட்டிருக்காங்க பாருங்க."

எடுத்துக் கொடுத்தேன்.