‘எஸ்’ கேட்டகிரியில் வீடு வந்தவர்களின் பென்ஷன் கோப்பு

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும், அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் பையன்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் ஆபரேஷன் பவன். மாலை போட்டு வரவேற்ற ஊருக்குள்ளேயே சுட வேண்டியதாயிற்று. தமிழ் தெரிந்த ஜவான்களுக்கு எதிரே கேட்ட அலறலும் புரிந்தது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. யாருக்காகப் போனோம் என்ற கேள்வியோடு வந்தவர்களில் சிலருக்குத் தூக்கம் அத்தோடு போனது. கேள்விக்குக் கோப்பில் இடம் கிடையாது, நோய்க்கு மட்டும் உண்டு. ராணுவ மருத்துவத் தரப்பட்டியலில் ‘எஸ்’ என்பது மனநலம். அதில் தரம் குறைந்து வந்தவர்களின் ஊன பென்ஷன் (டிசெபிலிட்டி பென்ஷன்) கோப்புகளோடு அலைந்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்கு விதிகள் வேறு. இது அதற்கு முந்தையவர்களுக்கு.

முதலில் வேண்டியது படையிலிருந்து வெளியே அனுப்பும்போது மருத்துவர் குழு எழுதிய ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை, அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. டிஸ்சார்ஜ் புக் மட்டும் போதாது. வீட்டில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. மனநோய் கேஸில் யூனிட் சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) எழுதும் அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10-ஐயும் சேர்த்தே கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், வழக்கில் பயன்படும்.

அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று ஊனத்தின் சதவீதம். 20-க்குக் கீழே என்றால் மறுப்பார்கள். ஆனால் நோயைக் காட்டிப் படையிலிருந்தே வெளியே அனுப்பியிருந்தால் 20-க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்று காரணம். பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரு வரி இருக்கும். கோப்புகள் சாவது பெரும்பாலும் அங்கேதான். ‘பீஸ் ஸ்டேஷனில் (போர்ப்பகுதி அல்லாத இடத்தில்) தொடங்கியது’, ‘குடும்பப் பிரச்சினை’ என்று எழுதியிருப்பார்கள். போர்க்களத்தில் பட்டது ஊருக்குப் பக்கத்தில் போஸ்டிங் வந்த பிறகு வெளியே தெரிவது வழக்கம்தான். ஆனால் போர்டு ராணுவ மருத்துவமனையில் அட்மிட் ஆன தேதியைத்தான் பார்க்கிறது. அதனால் ஃபீல்டில் இருந்த காலத்தைத் தேதிவாரியாக, யூனிட் பெயரோடு எழுதி மனுவில் வையுங்கள். போர்ப்பகுதி, கிளர்ச்சி எதிர்ப்புப் பணி, தனித்த போஸ்ட் இவற்றில் இருந்தவருக்கு மனநோய் கூடியதாகக் கொள்ளலாம் என்று ராணுவ மருத்துவர்களின் வழிகாட்டி நூலே சொல்கிறது.

ஊன பென்ஷன் யாருக்கு என்று சொல்லும் 1982 விதிகளில் 5, 9 இரண்டும் நமக்குத் துணை. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் நலமாக இருந்தார் என்று பொருள். நிரூபிக்கும் பொறுப்பு ஜவானுடையது அல்ல. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2019-ல் ஒரு ஸ்கிசோஃப்ரீனியா வழக்கில் அதே நீதிமன்றம் மெடிக்கல் போர்டின் கருத்தை ஏற்று ஜவானின் மனுவைத் தள்ளியது. தேதிவாரிப் பட்டியலை வலியுறுத்துவது அதனால்தான்.

பென்ஷனை மறுத்தால் முதல் அப்பீல், இரண்டாம் அப்பீல் இரண்டுக்கும் ஆறு மாதம் கெடு. பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 14-ஆம் பிரிவின் கீழ் மனு. தாமதத்தைப் பார்த்து வக்கீல்கூடத் தயங்குவார். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமத மன்னிப்பு கிடைக்க வழி உண்டு. ஆனால் பாக்கித் தொகை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் கையிலிருந்து போகும் பணம்.

தீர்ப்பாயம் மறு மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினால், அங்கேதான் வீட்டார் விழிப்பாக இருக்க வேண்டும். டாக்டர் “தூக்கம் எப்படி?” என்பார். இவர் விறைப்பாக நின்று “நல்லா இருக்கு சார்” என்பார். அந்தக் காலத்தில் லீவு வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், கோழை என்ற பெயர் கூடாது என்று சொல்லிப் பழகிய பதில் அது. எதற்குத் திடுக்கிடுகிறார், எந்த வேலையில் எத்தனை நாள் தங்கினார், குடி எப்போது கூடியது என்று மனைவி தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். கீழ்ப்பாக்கத்திலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மாத்திரை வாங்கிய ஓ.பி. சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கிக் கொண்டு போங்கள். அரசு தரும் மாற்றுத்திறனாளி அட்டை கூடவே இருக்கட்டும், ஆனால் அது போர்டுக்கு மாற்று இல்லை.

வென்ற பிறகு ரவுண்டிங்கைப் பாருங்கள். 50-க்குக் கீழே இருப்பது 50 ஆகும், 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், 40,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 50 சதவீதம் என்றால் மாதம் 6,000. ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் புதிய பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) ஏறியதும் 20 என்பது 20 ஆகவே நிற்கிறதா, 50 ஆனதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். 20 ஆக நின்றால் தீர்ப்பு நகலோடு எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்டு விட்டுவிடாதீர்கள்.