ராத்திரி ரெண்டு மணி மீட்டர்

குடிநீர் விநியோக வேலைக்கு வந்த பிறகு, ஊர் தூங்கும்போது, ஊருக்குப் போகும் தண்ணீரை அளக்கும் மீட்டரைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் யாரும் குழாயைத் திறக்கப்போவதில்லை. அப்பவும் முள் விறுவிறுன்னு ஓடினால், மண்ணுக்கடியில் எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று ராத்திரி அப்படித்தான். வால்வு வால்வாக அடைத்துக்கொண்டே போனோம். மூன்றாவதை அடைத்ததும் முள் சட்டென்று தளர்ந்தது; கசிவு அந்தப் பக்கம்தான். அப்புறம் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மேல் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நகர்ந்தோம். ஒரு இடத்தில் 'உஸ்ஸ்ஸ்'. தோண்டினால், இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் நைந்து கிடந்தது.

பழுது பார்ப்பது ஒரு மணி நேர வேலை. திரும்பத் திறப்பதில்தான் பொறுமை வேணும். புதுசா வந்த தம்பி வால்வை மளமளவென்று திருப்பப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீரின் வேகம் திடீரென்று மாறினால் உள்ளே சுத்தியலால் அடித்த மாதிரி அதிரும். ஒன்றை அடைத்துவிட்டு இன்னொன்றை உடைத்த கதைதான்.

அழுத்தம் இல்லாத குழாய் வெளியே இருக்கும் சாக்கடை நீரையும் உறிஞ்சிவிடும். அதனால் கழுவிவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்த்தோம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும். பிடித்த தண்ணீரில் சோதனை மாத்திரை போட்டதும், குளோரின் இருக்கிறது என்று காட்டும் இளஞ்சிவப்பு மெல்ல ஏறியது. அப்பாடா.

காலை ஆறு மணிக்கு முதல் போன்: "சார், ராத்திரி ஏன் தண்ணியை நிறுத்துனீங்க?"