முதலில் எதிர்த்தரப்பைச் சொல்

ஆகஸ்ட் 27, 2025

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வேகும் முன்பே பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூண்டுவிட்டது. கறுப்புச் சட்டைக்காரன் யானைத் தலையைக் கேலி செய்யும் படம் ஒன்றைப் போட்டான். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன், "தைரியமிருந்தால் அடுத்த மதத்தைப் பேசிப் பார்" என்றான். "காட்டுமிராண்டி" என்று பதில் வந்தது. பிறகு ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். வந்து விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றின் தலையில், பலமுறை கைமாறி வந்தது என்று காட்டும் அந்த இரட்டை அம்புக்குறி இருந்தது. எங்கோ எவனோ எழுதிய வசவை அனுப்பித்தான் நாற்பது வருடப் பழக்கத்தை முறித்துக்கொள்கிறார்கள். சொந்தமாக ஒரு வரி திட்டுவதற்குக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

ஆகஸ்ட் 28

"அடுத்த மதத்தைப் பேசிப் பார்" என்ற சவால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. இந்த ஊரிலேயே ஒருவர் பேசினாரே! பாரூக், பழைய இரும்பு வியாபாரி, வயது 31. இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் மறுப்பாளராகி, திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்தவர். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதினார். 2017 மார்ச் 16 இரவு வெட்டிக் கொன்றார்கள். கழகத்தில் தாமும் சேரப்போவதாக அவருடைய தந்தை அப்போது அறிவித்தார்.

இதை எழுதிப் போட்டேன். பொறியாளன் கட்சி, "பார்த்தாயா, அவர்கள் எப்படிப்பட்டவர்கள்" என்றது. எதிர்க் கட்சி வீரவணக்கப் படம் போட்டது. அந்த மனிதர் என்னதான் எழுதினார் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இறந்தவரையும் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30

பொறியாளன் காலையில் கூப்பிட்டான். காவல் நிலையத்தில் கொடுக்க ஒரு புகார் எழுதித் தர வேண்டுமாம். நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதுதான் தொல்லை; கல்யாணப் பத்திரிகை தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்வார்கள். "295-ஏ போடு" என்றான். மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் பிரிவு. அது இப்போது புதிய சட்டத்தில் 299 ஆகிவிட்டது, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்ததாகக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பழைய வழக்கு ஒன்றின் கதையைச் சொன்னேன்.

1953 மே 27, திருச்சி டவுன்ஹால் மைதானம். பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். மண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று மாஜிஸ்திரேட் தள்ளினார். செஷன்ஸிலும் தள்ளுபடி, உயர்நீதிமன்றத்திலும் தள்ளுபடி. செட்டியார் விடாமல் டில்லி வரை போனார். 1958இல் உச்சநீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் சட்டத்துக்குக் கொடுத்த பொருள் குறுகியது, மக்கள் புனிதமாகக் கருதுவது எவ்வளவு அற்பமான பொருளானாலும் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் வழக்கு பழையதாகிவிட்டது, இனி விசாரணை வேண்டாம் என்று அதுவும் தள்ளிவிட்டது.

"அப்படியென்றால் ஜெயித்தது யார்?" என்று கேட்டான். யாரும் இல்லை என்றேன். புகார் எழுதும் பேச்சை விட்டுவிட்டான்.

செப்டம்பர் 3

குழுவின் நிர்வாகி என்ற முறையில் சட்டம் போட்டுவிட்டேன். சிவில் வழக்கில் வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் எதிருரையில் பதில் சொல்லியாக வேண்டும். மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் வக்கீல் எதிராளி எழுதியதைக் கருத்தாகப் படித்தே தீருவார். இங்கேயும் அப்படித்தான். பதில் எழுதுமுன், எதிராளி சொல்வது என்ன என்று சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுப்பு. இரட்டை அம்புக்குறிக்கு இடமில்லை.

இரண்டு பேர் உடனே வெளியேறினார்கள். வேறு குழு தொடங்கியிருக்கிறார்களாம். சந்தோஷமாக இருக்கட்டும்.

செப்டம்பர் 9

கறுப்புச் சட்டைக்காரன் முதலில் வந்தான். "பக்தர்கள் சொல்வது: சாவுக்குப் பயம், கேட்டது கிடைக்க ஆசை, அதனால் கும்பிடுகிறோம்."

எங்கள் வகுப்பில் படித்த பெண் ஒருவர், இதுவரை சண்டையில் வாயே திறக்காதவர், எழுதினார்: "நான் கேட்டது எதுவும் கிடைத்ததில்லை. ஆசையால் என்று எழுதாதே. பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, பேசுகிறேன். இதை எழுதிவிட்டு மறுத்துக்கொள்." அவனால் மறுத்து எழுத முடியவில்லை, ஏற்கவும் மனமில்லை. ராத்திரி வரை 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டிக்காட்டி மறைந்தது.

பொறியாளன் எழுதியது என்னை ஆச்சரியப்படுத்தியது: "அவன் சொல்வது: கருவறைக்குள் யார் போகலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும்வரை அந்தச் சாமியை நான் மதிக்கமாட்டேன்." ஆமாம் என்றான் கறுப்புச் சட்டை. சதுர்த்தியன்று போட்ட படத்தில் இதில் ஒரு எழுத்தாவது இருந்ததா?

செப்டம்பர் 17

பெரியார் பிறந்தநாள். சிலைக்கு மாலை போட்ட படத்தோடு கறுப்புச் சட்டைக்காரன் வந்தான். பொறியாளன் ஒழுங்காக எதிர்த்தரப்பைச் சொல்லிவிட்டுக் கேட்டான்: "சாமியே இல்லை என்றால் பூசாரி யாராக இருந்தால் உனக்கென்ன? கடைசிக் காலத்தில் உங்கள் தலைவர் எதற்காக அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று போராட வேண்டும்?"

"சாமி இல்லை. தீட்டு இருக்கிறது" என்று பதில் வந்தது. இந்தக் குழுவில் யாரும் இவ்வளவு சுருக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்தது உண்மையான வாதம். 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி பெற்ற மற்றச் சாதியினரை அரசு அர்ச்சகர்களாக நியமித்ததே என்றான் பொறியாளன். கோயில் பூசை முறையைச் சொல்லும் ஆகம விதியைக் காட்டி வழக்குக்கு மேல் வழக்குப் போட்டது யார் என்றான் மற்றவன். 1972இல் சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகர் பதவிக்கான பரம்பரை உரிமையை ஒழித்த சட்டத்தை உச்சநீதிமன்றம் ஏற்றதையும், நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்று சொன்னதையும் இடையில் புகுந்து சொன்னேன். இருவரும் அந்தத் தீர்ப்பில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழுத் தீர்ப்பையும் அனுப்பி, படித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

பொறியாளன் படித்துவிடுவான். மற்றவனை நம்ப முடியாது. பள்ளியிலேயே என் நோட்டை வாங்கிப் பார்த்துப் பரீட்சை எழுதியவன்.