ஊசியால் கீறிய 4,000 பிரேம்

எங்கள் திரைப்படக் கழகத்தின் பழைய பெட்டியில் அந்தத் தகர டப்பா கிடந்தது. மூடியைத் திறந்ததுமே வினிகர் வாடை. உள்ளே 100 அடி நீள 16 மி.மீ. சுருள். 1950களில் யாரோ ஒருவர் கேமராவே இல்லாமல், கறுப்பு பிலிமில் ஊசியால் கீறியே செய்த படம். நொடிக்கு 24 பிரேம் என்று ஓட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. ஆனால் மொத்தம் 4,000 பிரேம், அத்தனையும் கைவேலை!

உடனே ஓட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் அந்த வினிகர் வாடை, அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் கெடுவதன் அடையாளம்; கெடும்போது அது சுருங்கும். சுருங்கிய பிலிமைப் புரொஜெக்டரில் போட்டால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். 100 துளைகளின் நீளத்தை அளந்தேன். 762 மி.மீ. இருக்க வேண்டியது 756தான் இருந்தது. டப்பாவில் வைத்த அமிலச் சோதனைத் தாளும் ஒரே நாளில் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது; கெடும் பிலிமிலிருந்து அமிலம் வெளியாகிறது என்று அர்த்தம். சரி, புரொஜெக்டர் வேண்டாம் என்று, பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர் உள்ள ஒரு லேபுக்கு அனுப்பினோம்.

வந்த கோப்பைத் திறந்ததும் பகீரென்றது. படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மென்பொருள் மெல்லிய வெள்ளைக் கோடுகளையும் புள்ளிகளையும் தேய்மானம் என்று நினைத்து அழித்திருந்தது. அந்தக் கோடுகள்தானே படம்!

அப்புறம் விளக்கு மேசையில் சுருளை விரித்து, பூதக்கண்ணாடியோடு மூன்று வாரம் உட்கார்ந்தோம். எமல்ஷன், அதாவது பிலிமில் படம் பதியும் பூச்சு உள்ள பக்கம் கீறினால் அந்த இடத்தில் ஒளி புகுந்து வெள்ளையாகத் தெரியும். பின்பக்கக் கீறல் ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பாக விழும். இயந்திரம் உண்டாக்கிய கோடு பிரேம் பிரேமாக ஒரே இடத்தில் நீளும்; ஊசிக் கோடு பிரேமுக்குப் பிரேம் நகரும், நடுங்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதினோம்.

இரண்டாவது ஸ்கேனில் திருத்த மென்பொருளே வேண்டாம், பிலிமைத் திரவத்தில் நனைத்தபடி எடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். பின்பக்கக் கீறல்களைத் திரவம் நிரப்பி மறைத்துவிடும். எமல்ஷனில் கீறியது அப்படியே நிற்கும். நின்றது. ஊசிக் கோடுகள் மொத்தமும் திரும்ப வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு கோட்டில்தான் இன்னும் சந்தேகம். எமல்ஷன் பக்கம், நேராக, 288 பிரேமுக்கு ஓடுகிறது. கையால் போட்டது என்கிறேன் நான், நண்பர் இயந்திரம் என்கிறார். அழிக்கவில்லை. மூலச் சுருள் இப்போது காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், குளிரறையில் இருக்கிறது. அந்தக் கோட்டின் பிரேம் எண்களை எழுதி, எங்கள் இருவர் கருத்தையும் சேர்த்து, கூடவே வைத்திருக்கிறோம்.